மல்லாட்டை, மாடிக்கீரை, மாமியார் கைப்பக்குவம்: வாசகர் கேள்வி – பதில்

கடைப் பாக்கெட்டைக் குறைத்துவிட்டு வீட்டுச் சமையலுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் மாற நினைப்பவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அந்த ஊர்க்காரர்களுக்கு.

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கடலூர் புதுப்பாளையம். நான் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் மைதா, வெள்ளைச் சர்க்கரை, சிப்ஸ், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் எழுந்து கம்பங்கூழ் காய்ச்சுகிறேன், ராத்திரி தினை உப்புமா. பிள்ளைகள் இரண்டும் தட்டைத் தள்ளிவிடுகின்றன. அவர் வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து பசிக்கவில்லை என்கிறார். அத்தை, 'எங்க காலத்துல இப்படியெல்லாமா அளந்து சாப்பிட்டோம்' என்கிறார். நல்லது செய்யப்போய் நான்தான் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: உங்கள் கடிதத்தில் வாங்குவது, ஊறவைப்பது, காய்ச்சுவது, கடைசியில் பேச்சு வாங்குவது எல்லாமே நீங்கள்தான். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஒரு குடும்பத்தின் சாப்பாடு மாறாமல் போவதற்கு நாக்கு ருசியைவிட இதுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அத்தனை வேலையும் ஒருத்தர் தலையில் விழுந்தால், அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததுமே நூடுல்ஸ் பாக்கெட் திரும்ப வந்துவிடும். அதனால் கம்பு, தினையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வேலையைப் பிரியுங்கள். காய்கறி வாங்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கு அவரே போய் வரட்டும், தன் கையால் பொறுக்கி எடுத்த கத்தரிக்காயை வேண்டாம் என்று தள்ள மனசு வராது. கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது பிள்ளைகள் வேலை. எட்டு வயதுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் இது முடியும், ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம்.

அடுத்தது, சமைப்பதில் கை வைப்பதற்கு முன்னால் வாங்குவதில் கை வையுங்கள். வழக்கமாகச் செய்யும் இட்லி, தோசை, சாம்பார் அப்படியே இருக்கட்டும், மாத மளிகைச் சீட்டிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பாக்கெட்டைத் திருப்பி அதில் சேர்ந்திருக்கும் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கோதுமை பிஸ்கட், ராகி பிஸ்கட் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும், பின்பக்கம் முதல் பெயர் மைதாவாகவும் அடுத்தது சர்க்கரையாகவும் இருக்கும். இதைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அவர்களே ஒரு முறை படித்தால் நன்றாக மனசில் பதியும்.

பாக்கெட் ஜெயிப்பது சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு மணி வரைதான். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் பிள்ளை கைக்கு எட்டியதை எடுத்துத் தின்னும், அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதற்குக் கவலைப்படலாமா? பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இருக்கிறது. பச்சையாக வரும் பருவத்தில் ஓட்டோடு உப்புப் போட்டு வேகவைத்தால் வேறு ஒன்றும் வேண்டாம். காய்ந்த மல்லாட்டைப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, பலா சீசனில் சுட்ட பலாக்கொட்டை, மற்ற நாளில் சுண்டல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

இனிப்பு கேட்டால் மல்லாட்டை உருண்டை. வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை இரண்டு கப், வெல்லம் ஒரு கப். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அடிகனமான வாணலியில் காய்ச்ச வேண்டும். நுரைத்துப் பொங்கும், அப்புறம் நுரை அடங்கிக் குமிழ்கள் பெரிது பெரிதாக வெடிக்கும். அந்த நேரத்தில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலால் திரட்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டதும் டங் என்று சத்தம் கேட்டால் பாகு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துச் சுக்குப்பொடி, ஏலக்காய், மல்லாட்டையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்டிவிட வேண்டும், ஆறினால் பிடிக்க வராது. பொறுக்கும்போது கறுத்த, பூஞ்சை பிடித்த, கசக்கிற கொட்டையை இரக்கமே இல்லாமல் தூக்கிப் போடுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுசாகப் போகாது. வெல்லமும் சர்க்கரைதான், அதனால் பிள்ளைகளுக்கு நாளைக்கு ஓர் உருண்டை போதும், வீட்டுக்காரருக்கு வேகவைத்த மல்லாட்டையே நல்லது.

இந்தப் பாகுப் பதமெல்லாம் உங்கள் அத்தைக்கு அத்துப்படியாக இருக்கும். 'எங்க காலத்துல' என்று அவர் சொல்லும்போது வாயை மூடிக்கொள்ளாமல், 'உங்க காலத்துல ராத்திரிக்கு என்ன செய்வீங்க அத்தை' என்று கேளுங்கள். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், பலாக்கொட்டைப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரை அடை என்று அவர் சொல்வது பாதிக்கு மேல் நீங்கள் தேடிக்கொண்டிருப்பதாகவே இருக்கும். வாரத்தில் ஒரு நாள் அவர் கைப்பக்குவம் என்று வைத்துவிட்டால், அவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

வீட்டுக்காரர் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்பும் தினையும் நல்ல தானியங்கள்தான், நார்ச்சத்து அதிகம், ஆனால் அவற்றிலும் மாவுச்சத்துத்தான் பெரும்பகுதி. தினை உப்புமாவை இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியல், கூட்டு, பருப்பைக் கூட்டுவதுதான் வழி. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் என்கிறது. நம் வீடுகளில் நான்கைந்து பேருக்கே அரை கிலோ பீன்ஸ் வாங்குகிறோம், யோசித்துப் பாருங்கள். டாக்டர் சொன்ன பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள், சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று மாத்திரை விஷயத்தில் அவராக முடிவெடுக்க வேண்டாம். பரோட்டாவுக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, எல்லோருமாகப் போய்ச் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஒளித்துச் சாப்பிட ஒன்றும் இல்லாத வீட்டில்தான் சாப்பாட்டுப் பேச்சு சண்டையாக மாறாமல் இருக்கும்.

கேள்வி: முத்தியால்பேட்டையில் வாடகைக்கு மாடி வீடு. அரை நாள்தான் வெயில் விழுகிறது. தொட்டி வைத்தால் ஒழுகும் என்று வீட்டு உரிமையாளர் பயப்படுகிறார். ஐந்தாறு தொட்டிக்கு மேல் இடமும் இல்லை. இதில் என்ன வளர்த்து என்ன சாப்பிடுவது?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: நிறையவே சாப்பிடலாம், தக்காளி, கத்தரி, வெண்டை மேல் ஆசைப்படாமல் இருந்தால். அவற்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயில் வேண்டும், ஒரு தொட்டிச் செடியில் வருகிற காய் ஒரு குழம்புக்குக் கூடப் போதாது. தினமும் கொஞ்சமாகத் தேவைப்படுவது, வாங்கி இரண்டு நாளில் வாடி வீணாவது, மருந்து அடித்து வருமோ என்று பயப்பட வைப்பது, இந்த மூன்றும் எதில் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் தொட்டியில் வைக்க வேண்டும். கறிவேப்பிலை ஒன்று, பச்சைமிளகாய் ஒன்று, புதினா ஒன்று, மீதி மூன்றும் கீரை. புதினாவுக்கு நாற்று தேட வேண்டாம், பெரிய மார்க்கெட்டில் வாங்கும் கட்டிலிருந்து தடித்த தண்டுகளை எடுத்து இலையைக் கிள்ளிவிட்டு ஊன்றினாலே வேர் விடும். பொன்னாங்கண்ணியும் அப்படித்தான்.

மண் கலவை: செம்மண், ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம அளவு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். வெறும் மண்ணை நிரப்பினால் பாரம் தாங்காது, ஒரு கன அடி ஈர மண்ணே 50 கிலோ அளவுக்கு வரும். இந்தக் கலவை அதைவிடப் பாரம் குறைவு, உரிமையாளரிடம் இதைச் சொல்லுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் அல்லது இரும்பு ஸ்டாண்டு மேல், சுவர் ஓரமாக வைத்து, அடியில் தட்டும் வைத்துவிட்டால் தளம் காய்ந்தே இருக்கும்.

முளைக்கீரை விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்து முளைத்து, நூல் நூலாக மெலிந்து சாய்ந்துவிடும். ஒரு சிட்டிகை விதையை ஒரு பிடி காய்ந்த மணலில் நன்றாகக் கலந்து, ஈரமான மண்மேல் உப்புத் தூவுகிறமாதிரி விரல் நுனியால் தூவுங்கள். மேலே மண் போட்டு மூட வேண்டாம், உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள், முளைக்கும்வரை ஒரு பழைய சாக்கை ஈரமாக்கி மேலே போட்டுவைத்தால் எறும்பும் குருவியும் விதையை எடுக்காது, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். 25 நாளில் பிடுங்கிவிடலாம். மூன்று தொட்டியிலும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவெளி விட்டால் கீரை அறுபடாமல் வந்துகொண்டிருக்கும். ஒன்றில் அரைக்கீரை போடுங்கள், இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழையும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். தொட்டி மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள், அதில்தான் உப்பு கூடுதலாக இருக்கிறது, வேண்டாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் நல்லது. மழைத் தண்ணீரைப் பிடித்து மாதம் ஒரு முறை தொட்டியில் நன்றாக ஊற்றி வடியவிட்டால் உப்பு இறங்கிவிடும்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம். எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்தானே?
– ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடாது. ஆலைக் கரும்பு ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியாததில்லை, இரண்டும் ஒரே கரும்புதான். நாட்டுச் சர்க்கரையில் தாது உப்புகள் கொஞ்சம் தங்கியிருக்கும், வாசனையும் நன்றாக இருக்கும், ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. மூன்று வேளை டீயிலேயே அது தீர்ந்துவிடும். வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் டீயில் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும்.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை. ரேஷன் பாமாயிலை வைத்துக்கொண்டு ஆரோக்கியமாகச் சமைக்கவே முடியாதா?
– ஒரு இல்லத்தரசி, கடலூர் முதுநகர்

பதில்: முடியும். எந்த எண்ணெய் என்பதற்கு முன்னால் எவ்வளவு எண்ணெய் என்று பாருங்கள். நான் மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்கிறது. நான்கு பேருக்கு மாதம் மூன்றே கால் கிலோ. அதற்குள் நிறுத்த முடிந்தால் மிச்சமாகும் காசில் தாளிக்கவும் பொடிக்கு ஊற்றவும் மட்டும் செக்கு நல்லெண்ணெய் கால் லிட்டர், அரை லிட்டராக வாங்கலாம். பாமாயில் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது அளவு மீறினால் இதயத்துக்கு ஆகாத வகை, அதனால் அதையே முழுக்க நம்பாமல் கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். அப்பளம், வடை பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சுட வைப்பதைக் கட்டாயம் நிறுத்துங்கள், செக்கு எண்ணெயாக இருந்தாலும் அது கெடுதல்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் மீன். செதிலும் குடலும் தெருவில் போட மனசில்லை. வீட்டுப் பின்னால் நாலு கத்தரி, ஒரு முருங்கை, ஒரு தென்னை இருக்கிறது. உரமாக்கலாமா? நாறாதா?
– மீனவக் குடும்பத்து வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: மற்ற ஊரில் காசு கொடுத்து வாங்கும் பொருள் உங்கள் வீட்டு வாசலில் கிடைக்கிறது, விடாதீர்கள். சுலபமான வழி, தென்னையிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டிப் போட்டு மூடுவது. ஆழம் குறைந்தால் நாயும் பூனையும் கிளறிவிடும். கத்தரிக்கு மீன் அமிலம் செய்துகொள்ளுங்கள். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம், கலப்படமில்லாத மலிவு வெல்லமே போதும். கழிவைச் சின்னதாக நறுக்கி, தண்ணீர் சேர்க்காமல் வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவுக்கு நிரப்பி மூடி நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் டப்பா உப்பிவிடும். 20, 25 நாளில் கவிச்சி போய்ப் பழுத்த பழ வாசனை வந்தால் சரியாக ஆகிவிட்டது என்று அர்த்தம். அழுகின நாற்றம் வந்தால் வெல்லம் குறைச்சல், இன்னும் கொஞ்சம் சேருங்கள். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். கத்தரியில் பூச்சி வந்தால் அது வேறு கதை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து அடியுங்கள்.

அப்புறம், மத்தியையும் நெத்திலியையும் மலிவு மீன் என்று ஒதுக்காதீர்கள். இதயத்துக்கு நல்ல ஒமேகா கொழுப்பு மத்தியில் ஏராளம், முள்ளோடு மெல்லுகிற நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து. கருவாட்டில் மட்டும் உப்பு ஜாக்கிரதை, வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிவிட்டுக் குழம்பில் தனியாக உப்புப் போடாமல் செய்யுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஏழு மாதம். மருமகள் டப்பா மாவுதான் சத்து என்கிறாள். நான் இருபது வகை போட்டுச் சத்துமாவு அரைத்துத் தருகிறேன் என்கிறேன். யார் சொல்வது சரி?
– ஒரு ஆயா, அரியாங்குப்பம்

பதில்: இருபது வகை வேண்டாம் அம்மா. ஏழு மாதக் குழந்தைக்குப் புதிதாக எது கொடுத்தாலும் ஒன்று ஒன்றாக, இரண்டு மூன்று நாள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இருபதையும் சேர்த்து அரைத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதோடு குழைத்த பருப்புச் சாதம், மசித்த கீரை, முட்டை, முள் இல்லாத மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள், தாய்ப்பாலும் தொடரட்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம், தேன் கண்டிப்பாகக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பவுடர் பற்றியும் மருமகளிடம் சொல்லுங்கள்: நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையே இல்லை என்பதால், அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அவளைக் குறை சொல்லும் தொனியில் சொல்லாதீர்கள், அவளும் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வாங்குகிறாள். அரைக்கும்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைத்தால் நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் குழந்தைக்கு அதே கூழ் கிடைக்கும்.

கேள்வி: ஆடியில் ஆசையாக விதைத்த செடி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அழுகிவிடுகிறது. ஃபெஞ்சல் புயலோடு தோட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். திரும்ப ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரியை ஒட்டி அது கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழைக்கு எந்தத் தோட்டமும் தாங்காது, உங்கள் கைராசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வருஷா வருஷம் வரும் வடகிழக்குப் பருவமழைக்குத் திட்டம் வைத்துக்கொள்ளலாம். ஆடிப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை மாதிரிச் சீக்கிரம் காய்த்து முடிகிறவற்றைப் போட்டால் ஐப்பசி அடைமழைக்குள் பெரும்பாலும் பறித்துவிடலாம். மழை மாதங்களில் கீரை விதைக்கவே வேண்டாம், விதை அடித்துக்கொண்டு போய்விடும், முளைத்தாலும் அழுகும். அந்த இரண்டு மாதம் மேட்டுப் பாத்தியில் சேப்பங்கிழங்கு, மஞ்சள் நிற்கட்டும். வேலியில் முருங்கை இருந்தால் புயலுக்கு முன் கிளைகளைக் கழித்துவிடுங்கள், மரம் சாயாது, மழை விட்டதும் புதுத் துளிர் கீரைக்கு ஆகும். வரப்போரம் தானாக முளைக்கும் கரிசலாங்கண்ணி, தூதுவளையைக் களை என்று பிடுங்கி எறியாதீர்கள், வடலூர் வள்ளலார் உயர்வாகச் சொன்ன கீரைகள் அவை.

பெரிய தோட்டமாக இல்லாமல் தைப்பட்டத்தில் நான்கு பாத்தியோடு ஆரம்பியுங்கள். மழை நின்று மண் ஆறியதும் கொத்திவிட்டுக் காயவிடுங்கள், மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்கிற பதம் வந்ததும் தொழுவுரம் போட்டு மார்கழிக் கடைசியில் கத்தரி, மிளகாய் நாற்று விடலாம். குரும்பாப்பட்டில் இருக்கும் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், கடலூர்க்காரர்களுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த ரகம் உங்கள் மண்ணுக்கு ஒத்துவரும் என்று நேரில் போய்க் கேளுங்கள், போகும்போது ஒரு பிடி மண்ணும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.